ரவுட்டர் யாரென்று கேட்பது

நெட்வொர்க்கில் ரவுட்டர்களின் அளவீடுகளைத் தொடர்ந்து அனுப்பும் டெலிமெட்ரியை அமைக்கத் தொடங்கியதுமே யாராவது சொல்வார்கள்: "இப்போதைக்கு ஸ்கிப் வெரிஃபை போட்டு ஓட விடுங்க, சான்றிதழைப் பிறகு பார்த்துக்கலாம்." இதற்கு மட்டும் நான் இணங்குவதே இல்லை.

ரவுட்டரின் சான்றிதழைச் சோதிக்காமல் விடும் அந்தத் தெரிவைப் போட்டாலும் தரவு மறையாக்கத்தோடுதான் போகும். அதனால்தான் பலருக்கு அது போதுமென்று தோன்றுகிறது. ஆனால் எதிர்முனையில் இருப்பது யார் என்று, அளவீடுகளை வாங்கிச் சேர்க்கும் நிரலான கலெக்டர் கேட்பதில்லை. உறையை நன்றாக ஒட்டிவிட்டு, வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவது போன்றது அது. இந்த டெலிமெட்ரி ஓடும் ஜிஎன்எம்ஐ நெறிமுறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒவ்வொரு அழைப்போடும் சேர்ந்தே போவது வழக்கம். நடுவில் ஒருவன் ரவுட்டராக நடித்தால் அவை அவன் கைக்குப் போய்விடும். அளவீடுகளை வாங்குகிற சப்ஸ்கிரைப், கட்டமைப்பையே மாற்றுகிற செட் இரண்டும் ஒரே போர்ட்டில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்குக்கு எழுதும் உரிமையும் இருந்துவிட்டால், கண்காணிக்கத் திறந்த வழியிலேயே ரவுட்டரும் பறிபோகும். பழைய கண்காணிப்பு நெறிமுறையான எஸ்என்எம்பி 2சி காலத்தில், கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி ஸ்ட்ரிங் திறந்த எழுத்தாகவே போனது. அதை விட்டு வந்தபிறகும் இப்படியொரு ஓட்டையை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

சான்றிதழ் வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது பெயரில். கலெக்டர் எந்த முகவரியை அழைக்கிறதோ, அதே முகவரி சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பகுதியான சேனில் இருக்க வேண்டும். காமன் நேமில் மட்டும் எழுதுவது பழைய பழக்கம். 2020 ஆகஸ்ட்டில் வந்த கோ மொழியின் 1.15 பதிப்பு காமன் நேமைப் பார்ப்பதை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. கலெக்டர்களாகப் பயன்படும் ஜிஎன்எம்ஐசி, டெலிகிராஃப் இரண்டும் கோ மொழியில் எழுதப்பட்டவை என்பதால் பழைய முறைச் சான்றிதழ்கள் அங்கே செல்லாது. ஐபி முகவரியைக் கொண்டு அழைத்தால் அது ஐபி வகையாகவே பதிவாக வேண்டும். டிஎன்எஸ் வகையில் ஐபியை எழுதினால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும், சோதனையில் தோற்கும். நான் ரவுட்டரின் முழுப்பெயர், மேலாண்மை ஐபி இரண்டையும் எழுதிவிடுவேன். டிஎன்எஸ் விழுந்திருக்கும் நேரத்தில்தான் அளவீடுகள் அதிகம் தேவைப்படும்.

தனிச்சாவி ரவுட்டருக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருப்பதுதான் முறை. வெளியே வர வேண்டியது கையொப்பக் கோரிக்கை மட்டும். அந்தக் கோரிக்கையில் சேனைக் கவனமாக எழுதியிருந்தாலும், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளையால் கையொப்பமிடும்போது அது தானாகச் சான்றிதழுக்குள் வருவதில்லை. 3.0 பதிப்பு முதல் அதைப் படியெடுக்கச் சொல்லும் தெரிவு உண்டு. ஆனால் கோரிக்கையில் இருப்பதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்வதும் சரியல்ல. எந்த ரவுட்டருக்கு எந்தப் பெயர் என்பதைச் சான்றளிப்பவர் தன் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுத வேண்டும் என்பதே என் கட்சி. கையொப்பத்தின் மதிப்பே அந்தச் சரிபார்ப்பில்தான் இருக்கிறது.

கடிகாரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கலெக்டரும் தன் சான்றிதழைக் காட்டும் இருவழிச் சரிபார்ப்பில், ரவுட்டர் தன் கடிகாரத்தை வைத்தே அதன் தேதியைச் சோதிக்கும். மின்சாரம் போய் வந்த ரவுட்டர் பழைய ஆண்டு ஒன்றில் கண்விழித்தால், நல்ல சான்றிதழையும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தள்ளிவிடும். அதனால் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி முதலில், சான்றிதழ் அடுத்து.

புதுப்பித்தல்தான் நிஜமான உழைப்பு. பொது வலைத்தளச் சான்றிதழ்களின் ஆயுள் 2029 மார்ச்சில் 47 நாளாகச் சுருங்கும் என்று சிஏ பிரவுசர் ஃபோரம் 2025இல் முடிவெடுத்தது. நம் உள்வட்டச் சான்றாணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் பத்தாண்டுச் சான்றிதழ் போட்டுவிட்டு மறப்பதை நான் ஏற்பதில்லை. அதைப் புதுப்பிக்கும் நாளில், எப்படிச் செய்வதென்று அறிந்தவர் அங்கே இருக்கமாட்டார். சாதனங்களை இயக்குவதற்கான ஜிஎன்ஓஐ நெறிமுறையில் புதுப்பித்தலுக்கென்றே ரொட்டேட் என்ற அழைப்பு இருக்கிறது. புதிய சான்றிதழை ஏற்றி, அதைக்கொண்டு வேறோர் இணைப்பைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியென்றால் உறுதி சொல்லலாம். உறுதி வரும் முன் இணைப்பு அறுந்தால் ரவுட்டர் பழையதற்கே திரும்பிவிட வேண்டும். தொலைவில் இருக்கும் சாதனத்தைத் தொடுபவரின் பயத்தை உணர்ந்து யாரோ வகுத்த முறை. எல்லா மாடல்களிலும் இது கிடைப்பதில்லை என்பது வருத்தம்.

காலாவதி வெளியே தெரியாமல் நடக்கும் என்பது இன்னொரு சிக்கல். டிஎல்எஸ் இணைப்பு தொடங்கும்போதுதான் சான்றிதழ் சோதிக்கப்படுகிறது. டெலிமெட்ரி ஓடையோ மாதக்கணக்கில் அறாமல் ஓடும். இடையில் சான்றிதழ் முடிந்துபோனாலும் வரைபடத்தில் எண்கள் வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் லிங்க் விழுந்து எழும்போது ஓடை மட்டும் திரும்பி வராது, அதுவும் அந்த ரவுட்டரில் என்ன நடக்கிறதென்று பார்த்தே ஆக வேண்டிய நேரத்தில். ஆகவே ஓடுகிற ஓடையை நம்பாமல், தினமும் ஒரு முறை ஒவ்வொரு ரவுட்டருக்கும் புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, சான்றிதழின் முடிவுத் தேதியைப் படித்து மூடும் சிறு நிரல் ஒன்றை ஓட விடுகிறேன். மிச்சமிருக்கும் நாட்களும் மற்ற அளவீடுகளோடு அதே திரையில் வரைபடமாக ஓடும்.