கோடையில் திறக்கும் வீடுகள்: கிரேக்க முஸ்லிம்களின் ஊரும் உணவும்

கிரேக்கம் என்றதும் ஏதென்ஸ் நகரின் பழைய கற்தூண்களும் நீலக் கடலும் தேவாலயங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டின் வடகிழக்கு மூலையில் ஐவேளையும் பாங்கு ஒலிக்கும் ஊர்கள் உண்டு என்பது நம் சகோதரிகள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மேற்குத் திரேஸ் எனப்படும் அப்பகுதியில், கொமொடினி, ஸாந்தி நகரங்களிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் சுமார் ஒரு இலட்சம் முஸ்லிம்கள் வாழ்கின்றனர். துருக்கி மொழி பேசுவோர், ரொடோபி மலைகளில் வாழும் பொமாக் மக்கள், ரோமா மக்கள் என அவர்களில் மூன்று பிரிவினர் உள்ளனர்.

1923ஆம் ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் தம் மக்களைப் பரிமாறிக் கொண்டன. மொழியல்ல, மார்க்கமே அதற்கு அளவுகோலாக இருந்தது. சுமார் 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் துருக்கியையும், சுமார் 4 இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்தையும் விட்டுப் பிரிந்தனர். மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் இஸ்தான்பூல் கிறிஸ்தவர்களுக்கும் விலக்களிக்கப்பட்டது. அதனால்தான் இந்த மக்கள் இன்றும் தம் மூதாதையர் மண்ணிலேயே இருக்கின்றனர்.

ஆயினும் வறுமை இவர்களில் பலரை ஜேர்மனியின் தொழிற்சாலைகளுக்கும் துருக்கியின் நகரங்களுக்கும் அனுப்பியது. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் திறக்கின்றன. பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பல நாடுகளைக் கடந்து வருகிறார்கள். 2013இல் பல்கேரிய எல்லையில் மலைப்பாதையொன்று திறக்கப்பட்ட பின் கொமொடினிக்கு வரும் வழி சுருங்கியிருக்கிறது.

வந்தவர்களை வரவேற்பது குசினியின் மணம்தான். மெல்லிய மாத்தகடுகளுக்கிடையே பாற்கட்டியோ கீரையோ வைத்துச் சுடும் பொரெக், அடுப்பில் சுட்டுத் தோலுரித்த கறிமிளகாய், தண்ணீர் கலந்து உப்பிட்டுக் கடைந்த தயிர் ஆகியவை அன்றாட உணவுகள். மலைக் கிராமங்களில் பொமாக் பெண்கள் மாத்தகடுகளுக்கிடையே சோறும் முட்டையும் வைத்து ‘கிளின்’ என்ற பணியாரத்தைச் சுடுவர். நாம் பிட்டுக்கு மா குழைப்பதுபோல, கோதுமையைக் கையாலேயே சிறு மணிகளாக உருட்டி ‘குஸ்குஸ்’ செய்வதும் உண்டு.

ஆகஸ்ட் மாத வெயில் வீணாகப் போவதில்லை. அது ‘தர்ஹானா’ செய்யும் காலம். கோதுமை மாவைத் தயிர், தக்காளி, சிவப்பு மிளகாய் ஆகியவற்றுடன் பிசைந்து சில நாட்கள் புளிக்க வைப்பார்கள். பின்பு துணியில் சிறு துண்டுகளாகப் பரப்பி, காய்ந்ததும் உதிர்த்துச் சலித்துப் பைகளில் கட்டி வைப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு பிடி அள்ளி நீரில் காய்ச்சினால் போதும், வயிற்றுக்கு இதமான சூப் தயார். ஜேர்மனிக்குத் திரும்பும் மகளின் பயணப் பெட்டியில் உம்மா தவறாமல் வைப்பது இந்தப் பைதான்.

இப்பெண்களின் கைகளுக்கு வேறொரு வேலையும் உண்டு. இப்பகுதியின் பிரதான பயிர் நெடுங்காலமாகப் புகையிலைதான். விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய் இலை பறித்து, வெயில் ஏறிய பின் நிழலிலமர்ந்து நூலில் கோர்ப்பார்கள். இத்தனைக்கும் பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள்.

கொமொடினியின் பழைய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் வறுத்த கடலையும் அரைத்த கோப்பியும் மணக்கும். அக்ரோட் பருப்பை நூலில் கோர்த்துப் பாகில் தோய்த்தெடுக்கும் இனிப்பும் அவ்வூரில் பெயர்பெற்றது. செவ்வாய் கொமொடினியிலும், சனி ஸாந்தியிலும் சந்தை நாள். பன்றி இறைச்சியும் மதுவும் கிரேக்கச் சமையலில் சாதாரணமாதலால், இம்மக்கள் இறைச்சியை முஸ்லிம் கடைகளிலேயே வாங்குகின்றனர்.

அண்டை வீட்டுக் கிறிஸ்தவர்களோடு இவர்களுக்குப் பொதுவான பாத்திரமொன்றும் உண்டு. முஹர்ரம் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் கோதுமை, கடலை, உலர்ந்த பழங்கள் சேர்த்து ‘ஆஷூரா’ காய்ச்சிப் பகிர்கின்றனர். டிசம்பர் 4ஆம் திகதி திரேஸ் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய அதையே ‘வர்வாரா’ என்ற பெயரில் காய்ச்சுகின்றனர்.

இந்தக் கோடைப் பயணம் எல்லாக் காலத்திலும் இலகுவாக இருந்ததில்லை. 1955ஆம் ஆண்டின் கிரேக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, கிரேக்க வம்சாவளியல்லாத ஒருவர் திரும்பும் எண்ணமின்றி வெளியேறினார் என அதிகாரிகள் கருதினால், அவரது குடியுரிமையைப் பறிக்க இடமளித்தது. பிறந்த ஊருக்கு விடுமுறையில் வந்தவர்களில் சிலர், தாம் இனி அந்நாட்டவரல்ல என்பதை எல்லையில்தான் அறிந்தனர். ஆயிரக்கணக்கானோரைப் பாதித்த இப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. ஆனால், முன்பு இழந்தவர்களுக்கு அது தானாகக் குடியுரிமையை மீட்டுத் தரவில்லை.

இதை அறிந்தால்தான் அந்தத் தர்ஹானாப் பையின் பெறுமதி விளங்கும். உறவைச் சேர்ந்து நடப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அந்தப் பெண்கள் அதை ஆண்டுதோறும் ஆகஸ்ட் வெயிலில், மாப்பிசைந்த கைகளால் நிறைவேற்றுகிறார்கள். தூர தேசத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் உம்மம்மாவின் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினாலும், அவர் காய்ச்சும் சூப்பின் ருசியை மறப்பதில்லை. அவர்களது வீட்டுக் கதவுகள் ஒவ்வொரு கோடையிலும் திறந்திருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.