கசப்பும் நஞ்சும்

கசப்பு என்றாலே மருந்து என்று எண்ணும் வழக்கம் தமிழர்களாகிய நம்மிடையே ஊறிப்போனது. வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வற்றல், பாகற்காய்ப் பிட்லை, நிலவேம்புக் குடிநீர் என நம் உணவிலும் மருந்திலும் கசப்புக்கென்று ஓர் இடம் உண்டு. முகம் சுளிக்கும் பிள்ளையிடம், “கசந்தால்தான் உடம்புக்கு நல்லது, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடு” என்று சொல்லாத தாய்மார் சிலரே. இந்த நம்பிக்கையை முற்றும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆயினும், கசக்கக் கூடாத காய் கசக்குமானால் அது மருந்தன்று, நஞ்சு என்பதை இன்று நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

வாஷியில் வாழும் நமக்குக் காய்கறிக்குக் குறைவில்லை. பைகுல்லாவிலிருந்த மொத்த வணிகம் 1996-ஆம் ஆண்டில் இங்கு மாறியது முதல், மும்பை மாநகருக்குக் காய் வழங்கும் பெருஞ்சந்தை நம் வாசலிலேயே இருக்கிறது. அங்கு வந்து குவிவனவற்றுள் சுரைக்காயும் ஒன்று. மராட்டியர் அதனைத் ‘துதி’ என்பர். வடவர் ‘லௌக்கி’ என்பர். கூட்டுக்கும் குழம்புக்கும் நாம் வாங்கி வந்த அந்த எளிய காய், சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் நல்லது என்ற பேச்சுப் பரவியதால், இப்பொழுது பல வீடுகளில் காலைச் சாறாகிவிட்டது.

சென்ற கோடையில் ஒரு நாள், எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் வாழும் நெல்லைச் சீமைப் பெண் ஒருத்தி கையில் குவளையுடன் வந்தாள். “அக்கா, அவருக்குச் சர்க்கரை என்று சுரைக்காயையும் பாகற்காயையும் சேர்த்து அரைத்துக் கொடுக்கிறேன். இன்று கசப்பு மிகுதி என்று இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். கசந்தால்தானே பலன்?” என்றாள்.

“சுரைக்காயை நறுக்கும்போது நாக்கில் வைத்துப் பார்த்தாயா, அம்மா?” என்று கேட்டேன்.

“இல்லையே அக்கா, அப்படியும் ஒன்று உண்டா?” என்றாள்.

அடுக்களையில் மிஞ்சியிருந்த துண்டின் நுனியை நாக்கில் வைத்தேன். எட்டியாய்க் கசந்தது. உடனே துப்பி வாய் கொப்பளித்தேன். சாற்றையும் கொட்டச் செய்தேன். அதற்குள் அவள் கணவருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கண்டுவிட்டன. மருத்துவமனையில் ஒரு நாள் தங்கி அவர் நலமாகத் திரும்பினார். குடித்தது இரண்டே வாய் என்பதால் பிழைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. 2010-ஆம் ஆண்டில் தில்லியில் அறிவியலாளர் ஒருவர் இப்படிப்பட்ட சாற்றைக் குடித்து மாண்டார். உடன் குடித்த மனைவியார் உயிர் தப்பினார். 2018-இல் நமக்கு அண்மையிலுள்ள புனே நகரில் ஒரு பெண்மணி உயிரிழந்தார். மேலை நாட்டிலும் இது நேர்ந்ததுண்டு. 2015-இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் என்னும் ஊரில், தோட்டத்தில் விளைந்த சுரையினக் காயொன்றைச் சமைத்துண்ட முதியவர் இறந்தார். சமைத்த பின்னும் நஞ்சு நீங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நஞ்சுக்குக் ‘குக்கர்பிடசின்’ என்று பெயர். தன்னைத் தின்ன வரும் உயிர்களை விரட்டுவதற்காகச் சுரைக் குடும்பத்துக் கொடிகள் அதனை உண்டாக்குகின்றன. உழவர்கள் தலைமுறை தலைமுறையாக இனிய காய்களின் விதையையே தேர்ந்து விதைத்ததனால், வீட்டுச் சுரையில் அது மிகக் குறைந்தது. ஆனால் காட்டுச் சுரையின் மகரந்தம் கலந்த விதை முளைத்தாலும், கொடி கடும் வெயிலிலும் வறட்சியிலும் வாடினாலும், பழைய நஞ்சு மீண்டும் தலைதூக்கக்கூடும். காயின் தோற்றத்தைக் கொண்டு அதனை அறிய இயலாது. உட்கொண்டால் வயிறும் குடலும் புண்ணாகி, இரத்த வாந்தி உண்டாகும். இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு நம் மொழியே சான்று. கசக்கும் சுரைக்குப் ‘பேய்ச்சுரை’ என்றும், கசக்கும் பீர்க்குக்குப் ‘பேய்ப்பீர்க்கு’ என்றும், கசக்கும் புடலுக்குப் ‘பேய்ப்புடல்’ என்றும் பெயரிட்டனர். வைத்தியர் கையாளும் பொருள் வேறு, அடுக்களைப் பொருள் வேறு என்று அந்த ஒரு சொல்லாலேயே வேலி கட்டிவிட்டனர். பாகலின் கசப்பு அதன் பிறவிக்குணம். சுரையின் கசப்போ எச்சரிக்கை. இரண்டையும் சேர்த்து அரைக்கும்போது, ஒன்றின் கசப்பில் மற்றொன்றின் எச்சரிக்கை மறைந்துபோகிறது.

என் தாயார் சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் எதுவாயினும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாராமல் நறுக்கியதில்லை. மரவள்ளிக் கிழங்கை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டுவார். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கை ஒதுக்கிவிடுவார். முன்னதில் சயனைடும் பின்னதில் சோலனினும் உண்டென்று அவர் படித்ததில்லை. மாமியாரின் அருகில் நின்று கற்றதே அவ்வளவும். ஊரை விட்டு வந்து, இருவரும் வேலைக்குச் செல்லும் இளங்குடும்பங்களில், அருகில் நின்று சொல்வதற்கு ஆள் இல்லை. சாறு பிழியும் செய்முறை மட்டும் கைப்பேசியில் வந்து சேர்கிறது. நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் ஊரிலேயே தங்கிவிட்டது.

ஆதலின் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தில்லி நிகழ்ச்சிக்குப் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு ஆராய்ந்து கூறிய அறிவுரைகளும் இவையே: சாறு பிழியுமுன் சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் காயையே எறிந்துவிடுங்கள், சுரைச்சாற்றுடன் வேறு சாறு எதனையும் கலக்காதீர்கள், குடித்தபின் குமட்டலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால், கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். முப்பது ரூபாய்க் காய் வீணாகிறதே என்று எண்ண வேண்டா. உங்கள் மகளும் மருமகளும் அரிவாள்மனையின் முன் அமரும் நாளில், மகனும் கூடத்தான், இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள்.