பதிவேட்டுக்குச் செலுத்தும் விசுவாசம்

அருங்காட்சியகத்தில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு வேறோரிடத்திலிருந்து அழைப்பு வரும்போது, சம்பளமும் குடும்ப சௌகரியமும் ஒருபுறம் இழுக்க, தொழில் கற்றுக்கொடுத்த ஸ்தாபனத்தின்மீதுள்ள நன்றி மறுபுறம் இழுக்க, எதைத் தேர்ந்தாலும் மனத்தில் ஒரு குறை தங்கிவிடுமோ என்று அஞ்சுவது இயல்பு. அரியலூர், பெரம்பலூர்ப் பிரதேசத்துத் தொல்லுயிர்ப் படிவங்களோடு நெடுநாள் பழகிய நான், அத்தகைய அழைப்புகளைச் சீர்தூக்கியபோதெல்லாம் ஹென்றி பிளான்போர்டையே நினைத்துக்கொண்டேன்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் 1855இல் சேர்ந்த அவர், அந்நாளைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்த இம்மண்ணின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து எழுதிய ஆய்வுரை 1862இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அத்துறையை விட்டு விலகிக் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார்; பிறகு வானிலை ஆராய்ச்சியில் புகழ்பெற்றார். ஆயினும், அவரும் சகாக்களும் சேகரித்த படிவங்கள் எந்த ஊரில், எந்தப் படுகையில் கிடைத்தன என்னும் குறிப்போடு இருந்தமையால், அவருக்குப் பின் வந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவற்றை ஆராய்ந்து 1873 வரை பெருநூல்களாக வெளியிட முடிந்தது. பாறைத் தொகுதிகளுக்கு பிளான்போர்டு இட்ட அம்மூன்று பெயர்களும் இன்றளவும் வழங்குகின்றன.

அத்தகைய குறிப்பின் மதிப்பை உணர, இப்பகுதியிலுள்ள காரை என்னும் ஊரின் களிமண்ணில் கிடைத்த ஓர் அம்மோனைட் படிவத்தை எடுத்துக்கொள்வோம். பார்வைக்குத் தெரியாத பக்கத்தில் மெல்லிய வார்னிஷ் தடவி, அது உலர்ந்தபின் மையால் பதிவு எண்ணைப் பொடியெழுத்தில் எழுதி, மீண்டும் ஒரு பூச்சுப் பூசுகிறோம். வேண்டுமானால் கல்லுக்குச் சேதமின்றி அதை நீக்கவும் இயலும். அந்த எண்ணுக்கு நேராகப் பதிவேட்டில் ஊர், ஓடை, படுகை, தேதி, கொண்டுவந்தவர் ஆகிய விவரங்கள் இருந்தால் அது சாட்சி. இல்லையேல் அழகான கல் மாத்திரமே.

ஆகவே, பொருள்களின் விவரத்தைத் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் ஓரிடத்திலேயே இருப்பவனைவிட, எல்லாவற்றையும் எழுதிவைத்து, சாவியோடு பொறுப்பையும் முறைப்படி ஒப்படைத்துப் போகிறவனே விசுவாசம் மிக்கவன் என்பது என் துணிபு. பிரிந்த பின்னும் அந்தக் கடமை தொடரலாம்: சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றித் தொல்லியல் துறைக்குச் சென்ற டி. என். ராமச்சந்திரன், அங்குள்ள நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத்திருமேனிகளைப் பற்றி எழுதிய நூலை அந்த அருங்காட்சியகமே 1954இல் வெளியிட்டது.

அழைப்பு வந்தவர், சம்பளத்தை விசாரிக்குமுன் தம் பொறுப்பிலுள்ள அலமாரிகளில் எண்ணிடப்படாதவை எவை என்று பார்க்கட்டும். புதிய இடத்தில் பதிவேடும் காப்பறையும் எந்நிலையில் உள்ளன என்று கேட்கட்டும். பழைய இடத்தின் பாக்கியைத் தீர்க்கப் போதிய அவகாசம் தர மறுக்கும் ஸ்தாபனம், நாளை தன் பொருள்களையும் அவ்வாறே நடத்தும். அதன் அழைப்பை ஏற்க வேண்டியதில்லை.