தேற்றாங்கொட்டை

சென்ற ஜனவரியில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்தாள். மற்ற ஆசிரியர்கள் வகுப்புக்குப் போகும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து நோட்டுக்குள்ளிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். புத்தாண்டு ஆராதனையில் சபையில் கொடுப்பார்களே, அந்த அட்டை. முந்தியவற்றை நினைக்க வேண்டாம் என்று சொல்லும் ஏசாயா வசனம் அதில் அச்சிடப்பட்டிருந்தது.

"நினைக்காம இருக்க முடியலம்மா. அப்ப எனக்கு விசுவாசம் இல்லையா?"

என்ன நடந்தது என்று அவள் விரிவாகச் சொல்லவில்லை. சிறுவயதில் நடந்தது, உறவுக்குள் நடந்தது, விடுதியில் யாரோடும் ஒட்ட முடியவில்லை. அவ்வளவுதான். ஜெபக்குழு அக்கா ஒருவரிடம் மனம்திறந்தபோது, மன்னித்துவிடு, மறந்துவிடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அக்காவை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை நான் முப்பது வருடங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கிராமத்தில் பிறந்தவள் நான். எனக்குப் பதின்மூன்று வயதில், ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், அப்பா வழி உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். அதற்குமேல் இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதாள். அழுதுவிட்டு, "சும்மா இரு, அவங்க நம்ம சொந்தம், மனசுல வச்சுக்காத" என்றாள்.

வெகுகாலம் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய தமிழ் உரைநடையைப் படித்துக்கொண்டிருந்தபோது வேதாகமத்தையும் மொழிக்காகப் புரட்டினேன். சாமுவேலின் இரண்டாம் புத்தகம், பதின்மூன்றாம் அதிகாரம். தாவீதின் மகள் தாமாரை, தாவீதுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த அண்ணன் அம்னோன் சீரழிக்கிறான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடுத்தியிருந்த உடையைக் கிழித்துக்கொண்டு, சத்தமிட்டு அழுதுகொண்டு போகிறாள். உடன்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளிடம் சொல்வதன் சாரம்: அவன் உன் சகோதரன், பேசாமலிரு, இதை மனதில் வைக்காதே. அம்மாவின் சொற்கள் அப்படியே அங்கே இருந்தன. தகப்பன் தாவீதுக்குக் கோபம் வருகிறது; ஆனால் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான். அந்தப் பழிவாங்கலில் தாமாருக்கு இடமே இல்லை. அண்ணன் வீட்டில் பாழாகிக் கிடந்தாள் என்பதோடு அவள் கதை முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் அப்சலோமின் மகளுக்குத் தாமார் என்று பெயர் வைத்திருப்பது மட்டும் தெரிகிறது.

பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறேன். இந்த அதிகாரத்தின்மீது ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி அப்படி ஒதுங்கிக் கிடந்தாள். என் சித்தி. 1986இல், கல்யாணமான மூன்றாம் வருடம், கையில் கட்டோடு தன் அக்கா வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்தவள். அன்றைக்கு இருந்தது 1869ஆம் ஆண்டுச் சட்டம். கிறிஸ்தவக் கணவன் மணமுறிவு கேட்க மனைவியின் பிறன்தொடர்பு ஒன்றே போதும். மனைவி கேட்டால் அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி மட்டும் வாங்கியவளுக்குப் பிரிந்து வாழ அனுமதி கிடைக்கலாம், விடுதலை கிடைக்காது. 2001இல்தான் அது திருத்தப்பட்டது. அப்போது சித்திக்கு நாற்பது வயது.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆட்கள் சித்தியைப் பார்க்க வருவார்கள். பாட்டுப் பாடி, ஜெபித்து, பொறுமையாயிருந்தால் ஆண்டவர் அவன் மனசை மாற்றுவார் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். சித்தி தம்ளர்களைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

யோபுவின் நண்பர்களைப் பற்றி எல்லாரும் குறையாகவே பேசுகிறோம். அவர்கள் வந்ததும் செய்த முதல் காரியத்தை மறந்துவிடுகிறோம். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகே கெட்டது.

என்னைச் சித்திதான் கண்டுபிடித்தாள். நான் சரியாகச் சாப்பிடாமல், அந்த உறவினர் பெயரைக் கேட்டாலே எழுந்து போவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் புறவாசலில் வைத்து, "என்னட்டி?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். வசனம் சொல்லவில்லை. அழவும் இல்லை. "நீ ஒரு தப்பும் பண்ணல" என்றாள். அன்று ராத்திரியிலிருந்து என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள்.

ஈஸ்டருக்கு அவர் வந்தார். கையில் பலகாரப் பை. சித்தி நடைவாசலில் நின்றுகொண்டு, "உள்ள வராதீங்க. ஏன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். அடுத்தவர் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த பெண், அந்த வீட்டுக்காரரின் உறவை வாசலில் நிறுத்தினாள். அப்பா ஆறு மாதம் சித்தியோடு பேசவில்லை. போ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவளுக்குப் போக இடமில்லை. அது தெரிந்துதான் நின்றாள்.

மழைக்காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கிவிடும். சித்தி பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். நான் அவசரப்பட்டு அகப்பையால் கிண்டினால் கையைத் தட்டிவிடுவாள். "மண்டி தானா இறங்கணும்ட்டி. நீ கிண்டுனா திரும்பக் கலங்கும்."

தமிழ் படிக்க வந்தபின் அந்தக் கொட்டையைக் கலித்தொகையில் பார்த்தேன். நெய்தற்கலியில் பிரிவால் கலங்கிய ஒருத்தி தெளிவதற்கு, கலங்கிய நீரை இந்த விதை தேற்றுவதுதான் உவமை. அழகான உவமை. ஆனால் அங்கே அவள் தெளிவது தலைவன் திரும்பி வந்ததால். சங்கத்து அம்மாமார் சித்திக்குச் சொன்னதும் அதுதானே? அவன் திரும்புவான், நீ தெளிவாய். சித்தியை அடித்தவன் திரும்பி வருவது எப்படி ஆறுதல் ஆகும்? காயப்படுத்தியவனைச் சுற்றியே பெண்ணின் தெளிவையும் கட்டிவைத்தால் அவளுக்கென்று எதுதான் மிச்சம்?

யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவரைத் தமிழில் தேற்றரவாளன் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கிரேக்கச் சொல்லுக்கு, பக்கத்தில் இருக்கும்படி அழைக்கப்பட்டவர் என்பது பொருள். தமிழ்ச் சொல்லில் கலங்கல் தெளிகிறது. கிரேக்கச் சொல்லில் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சித்தியின் பாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் இன்னும் சபைக்குப் போவதற்கு ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பாயைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொல்லவில்லை. கொஞ்சம்தான் சொன்னேன். அலமாரியிலிருந்த வேதாகமத்தை எடுத்து, அட்டையில் இருந்த வசனத்துக்கு முந்தைய இரண்டு வசனங்களைப் படிக்கச் சொன்னேன். கடலில் வழி உண்டாக்கியது, தேரும் குதிரையும் சேனையும் விழுந்தது என்று வருகிறது. எகிப்திலிருந்து மீண்ட பழைய பெருமையையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம், இனி வேறொன்று செய்யப்போகிறேன் என்று, பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனத்துக்குச் சொன்னது. அடிபட்டவளிடம் அடியை மறந்துவிடு என்று சொன்னதல்ல. எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் காட்டினேன். இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடியும் பாட்டு. கடைசியில்கூட ஸ்தோத்திரம் வராது. அதையும் வேதம் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப மன்னிக்க வேண்டாமாம்மா?"

"அது உன் இஷ்டம். எப்பன்னு உனக்குத் தோணுதோ அப்ப. தோணலன்னா விட்டுடு. யாரும் தேதி குறிக்க முடியாது. புகார் கொடுக்கணும்னு நினைச்சா நான் கூட வரேன். வேண்டாம்னாலும் இங்க வந்து உக்காந்துக்கோ."

அவள் அட்டையை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கிழித்துப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். வைத்துக்கொண்டாள். அதுவும் அவள் இஷ்டம்தான்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில், எனக்கு வகுப்பில்லாத நான்காம் பாடவேளையில் வருகிறாள். சில நாள் பேசுவாள். பல நாள் பேசமாட்டாள். நான் விடைத்தாள் திருத்துவேன்; அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதையாவது படிப்பாள். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுக்கும். அப்போதெல்லாம் சித்தி என் கையைத் தட்டிவிடுவது ஞாபகம் வரும். சும்மா இருந்துகொள்கிறேன்.