மூட்டத்தில் முன்னால் நடப்பவர்

ஸ்ரீமுஷ்ணத்தில் வளர்ந்தவனுக்கு மேடு என்றால் வெள்ளாற்றங்கரைதான். மாசி மகத்துக்கு எங்கள் பூவராகர் கிள்ளைக் கடற்கரை வரை எழுந்தருளும் வழி முழுக்கச் சமதரை. அதனால் கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில், முதல் அரைமணி நேரத்திலேயே முழங்கால் முறையிட ஆரம்பித்துவிட்டது.

எங்களைக் கூட்டிப்போனவர் வெள்ளகவிக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. நாங்கள் ஐந்து பேரும் கனத்த ஷூ மாட்டியிருந்தோம். அவர் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. டால்பின் நோஸ் பாறையை எட்டியபோது பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வந்து, பக்கத்தில் நின்றவரின் முகமே மங்கிவிட்டது. மலையைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு வெள்ளைச் சுவர். அவர் பேசாமல் வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். எங்களில் ஒருவர் அவசரப்பட்டார்.

“இப்ப நடந்தா நாம பாதையப் பாக்க மாட்டோம் சார். காட்டுமாடு நம்மளப் பாக்கும்” என்றார் வழிகாட்டி.

இந்தத் தொழிலின் பாதி, நடக்கிறவனை நிறுத்துவதுதான் என்று எனக்குப் பட்டது. மூட்டம் கொஞ்சம் விலகியதும் எழுந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தொண்டையைச் செருமுகிறார், இல்லாவிட்டால் கோலால் பாறையைத் தட்டுகிறார். எதிர்பாராமல் முட்டிக்கொள்ளும் காட்டுமாடுதான் ஆபத்து. சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் தானே விலகிவிடுமாம். பத்தடிக்கு ஒருமுறை திரும்பித் தலைகளை எண்ணுகிறார். பாசி படிந்த கல்லைக் கோல் நுனியால் சுரண்டிப் பார்த்த பிறகே காலை வைக்கச் சொல்கிறார். ஓரிடத்தில் புதிதாகக் கிளறிய ஈரமண்ணைக் காட்டி, “விடியறதுக்கு முன்னாடி பன்னி வந்திருக்கு” என்றார். வராகத்தைக் கும்பிடும் ஊர்க்காரன் நான். அதைச் சொன்னதும் நன்றாகச் சிரித்தார்.

1821இல் கொடைக்கானல் மலையை அளக்க வந்த லெப்டினென்ட் வார்டு, வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். மோட்டார் சாலை வருமுன் வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, கூலிகளின் தோளில் மலையேறினார்கள். வழிகாட்டுவது இங்கே புதுத்தொழில் இல்லை, காகிதத்தில் ஏறியதுதான் புதிது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகே, மலையேற்றத்துக்குச் சட்ட விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தபோது, அந்தந்த மலைவாசிகளுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது. சரியான முடிவு. தீயும் மூட்டமும் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது சமவெளியிலிருந்து ஆள் கூட்டிவரும் ஏஜென்டுக்குத் தெரியாது. ஆனால் பாதை மூடும் மாதங்களில் அந்த வருமானமும் மூடிக்கொள்கிறது. இவருக்கு அப்போது காப்பித் தோட்ட வேலை.

வெள்ளகவி எல்லையில் எல்லோரும் ஷூவையும் செருப்பையும் கழற்றினோம்; ஊருக்குள் காலணி போடுவதில்லை. தன் வீட்டுத் திண்ணையில் அவர் பையைத் தலைகீழாகக் கொட்டினார். எங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு இரண்டு பல்புகள், பக்கத்து வீட்டுக்காரருக்கான மாத்திரைகள். கீழே இறங்கும் நாளில் வெறுங்கையோடு வந்தால் ஊர் திட்டும் என்றார்.

யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் டோலி கட்டுவதும் இதே ஆட்கள்தான். சாமியைத் தோளில் சுமக்கும் எங்கள் ஊர் ஸ்ரீபாதம்தாங்கிகளைப் பற்றிச் சொன்னேன். எத்தனை பேர், எப்படித் தோள் மாற்றுவார்கள், தோளில் துணி வைப்பார்களா என்று கேள்வியாகக் கேட்டார். பிறகு கோலைத் தோளில் வைத்துக் காட்டினார். ஏறும்போது முன்னால் பிடிப்பவர் தடியைக் கைக்கு இறக்கிக்கொள்ள வேண்டும், பின்னால் இருப்பவர் தோளை விட்டு இறக்கக் கூடாது. இறங்கும்போது அப்படியே தலைகீழ்.

“உங்க சாமி ஆடி ஆடிப் போனா அழகும்பீங்க சார். எங்களுக்கு டோலி ஆடக் கூடாது.”