மலை தெரியும் வாசல்

கல்யாணமாகி இந்தச் சங்கராபுரத்துக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. கும்பகோணத்துப் பக்கம் வாய்க்காலும் வாழைத்தோப்புமாக வளர்ந்தவள். வந்த மறுநாளே, "ஆறு எங்கே இருக்குங்க அத்தை?" என்று கேட்டேன். மாமியார் சிரித்துக்கொண்டே மேற்கே கையைக் காட்டினார். நீல வர்ணத்தில் கல்வராயன் மலை! "ஆறெல்லாம் அங்கேதாம்மா பொறக்குது" என்றார்.

நிஜந்தான். கோமுகிக்கும் மணிமுத்தாவுக்கும் அந்த மலைதான் பிறந்த வீடு. கோமுகி மணிமுத்தாவோடு சேர்ந்து, விருத்தாசலம் வழியாக ஓடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. நமக்குப் புகுந்த வீடு ஒன்றுதான். ஆற்றுக்கு எத்தனை பாருங்கள்!

ஊர் பெரிசில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். வடக்கே மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணையும் சர்க்கரை ஆலையும். கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பஸ் நத்தைதான். முன்பெல்லாம் கலெக்டர் ஆபீஸ் என்றால் விழுப்புரம் ஓடணும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அந்த அலைச்சல் விட்டது.

மாதம் ஒருமுறை மலையிலிருந்து ஒரு அம்மாள் சாமை, தேன், கடுக்காய் கொண்டு வருவார். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். போன வருஷம் இரண்டு மாதம் ஆளையே காணோம். பிறகு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மகளுக்குத் தலைப்பிரசவம். ரோடு இல்லாத ஊர். ராத்திரி வலி கண்டு, நாலு பேர் டோலி கட்டித் தூக்கியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. "ரெண்டு உசுரும் தங்கிடுச்சும்மா. அந்த ராத்திரிய நெனச்சாத்தான்..." பழைய பருத்திப் புடவைகள் இரண்டு கொடுத்தனுப்பினேன்.

மனசு கேட்கவில்லை. தை மாதம் நானும் என் வீட்டுக்காரருமாகக் கிளம்பினோம். கச்சிராயபாளையம், கோமுகி அணை, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. குளிர்ந்த காற்று, மரவள்ளிக் கொல்லைகள். அதுவரை சுகம்தான். அப்புறம் வண்டி விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஒற்றையடிப் பாதை. வெறுங்கையோடு போன எனக்கே முழங்கால் நடுங்கியது. இந்தக் கல்லிலும் முள்ளிலுமா, இருட்டில், ஒரு கர்ப்பிணியை!

வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருந்தார். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில்தான் இருந்ததாம். சிறு வயதில் கூலியில்லாமல் உழைத்த கதையெல்லாம் சொன்னார். "அவங்க போயி இத்தன வருசம் ஆச்சு, ரோடு இன்னும் வரல" என்றார்.

உள்ளே தூளியில் என் மாம்பழக் கலர்ப் புடவை. குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டுக்கொண்டே, "அடுத்த மாசம் சாமை எத்தனை படிம்மா வேணும்?" என்றார்.