மழைக்கு நான் வைத்த மூடி

கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவமழை இறங்கிவிட்டால், உப்புவெளியில் பழைய கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் பாதி மெக்கானிக் ஆகிவிடுகிறார். எண்ணெய்க் கானை வெட்டி மறைப்புச் செய்பவர் ஒருவர். பழைய ரியூப்பைக் கிழித்துக் கட்டுபவர் இன்னொருவர். இயந்திரம் காற்று இழுக்கும் வாய்க்குள் மழை போய்விடக்கூடாது என்பதே எல்லோருடைய கவலையும்.

கைவேலையில் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்த தலைமுறை எங்களுடையது. அந்தத் தைரியத்தில்தான் 2010 மாரியில் நானும் என் காருக்கு ஒரு மூடி செய்தேன்.

முன் விளக்கின் பின்னால் இருந்த காற்றுக் குழாயின் வாயில், வெட்டிய பிளாஸ்ரிக் கானொன்றைக் கீழ்நோக்கிப் பொருத்தினேன். எயார் ஃபில்டர் பெட்டியின் அடியில் ஒரு சிறு துவாரம் இருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும் என்று எண்ணி, அதையும் றப்பர்த் தக்கையால் அடைத்தேன். சில வாரங்கள் கொட்டிய மழையில் கார் ஒரு தடவைகூட இருமவில்லை. அயலவரிடம் பெருமையாகக் காட்டியுமிருக்கிறேன்.

2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மூழ்கியது. ஒரு நாள் இரவு, அடுத்த வீட்டு அம்மாவுக்கு மூச்சுத்திணறல். அவருடைய மகன் வந்து கதவைத் தட்டியபோது, "என் காருக்கு மழை ஒன்றும் செய்யாது" என்று சொல்லித்தான் அவரை ஏற்றினேன். நகருக்குப் போகும் வழியில் வீதி தாழ்ந்து கிடந்த ஓரிடத்தில் முழங்காலளவு தண்ணீர். மூடியை நம்பி உள்ளே இறங்கினேன். நடுவில் ஒரு முட்டல் ஒலி; கார் நின்றுவிட்டது. நான் மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பினேன். உழவு இயந்திரம் ஒன்று வந்து அந்த அம்மாவை ஏற்றிச் செல்லும்வரை, அவர் மூச்சுக்குப் போராடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் காத்திருப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இயந்திரத்தைக் கழற்றிய மெக்கானிக், வளைந்துபோன கொனெக்ரிங் றொட்டைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, மழை மேலயிருந்துதான் வரும் எண்டு நினைச்சிட்டியள். வெள்ளம் கீழயிருந்தெல்லோ வரும்."

அவர் விளக்கியபோதுதான் கணக்குப் புரிந்தது. நான்கு சிலிண்டர் கொண்ட 1,500 சிசி இயந்திரத்தில் ஒரு சிலிண்டருக்கு 375 சிசி. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 42 சிசி, அதாவது மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதற்குமேல் தண்ணீர் புகுந்தால் இரும்புதான் வளைய வேண்டும்.

மழைத்துளிகளோ இயந்திரத்துக்குப் பெரும் பகையல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால விமான இயந்திரங்கள் சிலவற்றில், கூடுதல் வலுவுக்காக நீரும் மெதனோலும் வேண்டுமென்றே செலுத்தப்பட்டன. குழாய்க்குள் தெறிக்கும் சிறிதளவு நீர் வடிந்து போவதற்காகவே பெட்டியின் அடியில் அந்தத் துவாரம் வைக்கப்பட்டிருந்தது. நான் அதை அடைத்தேன். போதாக்குறைக்கு, கீழ்நோக்கிய கானால் காரின் வாயை வெள்ளத்துக்கு ஒரு சாண் அருகில் கொண்டுபோனேன். நின்ற பிறகு சாவியைத் திருப்பியது அதைவிடப் பெரிய பிழை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் இயந்திரத்தைச் சுழற்றவே கூடாதாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களைக் காப்பாற்ற எங்கள் ஊர்க் கைகள் செய்த வேலைகளை நான் குறைசொல்ல மாட்டேன். மறைப்புக் கட்டுங்கள், ஆனால் வாயை உயரத்தில் வையுங்கள், வடிகால் துவாரத்தை விட்டுவிடுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, என் கார் மேட்டுநிலத்தில் நின்றது. மூடி எதுவும் இல்லை. யாராவது அவசரமென்று வந்தால் உழவு இயந்திரத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று, அதன் சாரதியின் தொலைபேசி இலக்கத்தைக் கதவருகே எழுதி ஒட்டியிருந்தேன்.